பர்த் சர்டிபிகேட்டை மோந்து பாத்தா புகை தெரியுமா?

முதல்லயே ஒத்துக்கறேன். எனக்கு கார் பைத்தியம் உண்டு. புது கார் பைத்தியம் இல்லை. பழைய கார் பைத்தியம். இது கொஞ்சம் முத்தின கேஸ். வாரம் பூரா பேங்க்ல கடன் ஃபைலைப் பொரட்டிட்டு, ஞாயித்துக்கிழமை காலைல கை முழுக்க க்ரீஸோட பானெட்டுக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கற ஆளு நான். "அந்த வண்டிக்குப் பண்ற சேவையில பாதி எனக்குப் பண்ணியிருந்தா"ன்னு தங்கமணி ஆரம்பிக்கும்போது, ஸ்பானரைத் தேடற மாதிரி இன்னும் கொஞ்சம் உள்ளே குனிஞ்சுக்குவேன் :-)

படிச்சது பி.காம். இஞ்சினியரிங் இல்லை. கார்ப்பரேட்டருக்கும் கார்ப்பரேட்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் ஆரம்பிச்சேன். கழட்டிக் கழட்டி, மாட்டத் தெரியாம முழிச்சு, மெக்கானிக் கிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது எல்லாம்.

இப்போ பணி ஜெய்ப்பூர்ல. வண்டி 2004-ம் வருஷத்து மாருதி ஜென். 993 சிசி இஞ்சின், எம்.பி.எஃப்.ஐ. 2022-ல இங்கே ஒரு ரிட்டையர்ட் தலைமை ஆசிரியர் கிட்ட 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்டியரிங்ல உக்காந்தா தரையோட ஒட்டி உக்காந்த மாதிரி இருக்கும். சின்ன வண்டி, லேசான வண்டி, கியர் மாத்தறதே ஒரு சுகம். சரி சரி, கொசுவத்தி சுத்தல. மேட்டருக்கு வரேன்.

மேட்டர் இதுதான். இந்த வண்டி ஜெய்ப்பூர்ல உயிரோட இருக்கு. டில்லி ரோட்டுல நூறு கிலோமீட்டர் சொச்சம் போனா கோட்புட்லி. அது வரைக்கும் உயிர் இருக்கு. அதைத் தாண்டி பெஹ்ரோர் வந்ததும் வண்டி செத்துப் போயிடும். இஞ்சின் நிக்காது. ஏ.சி. ஓடும். பாட்டு பாடும். ஆனா காகிதத்துல பிணம். ஏன்னா பெஹ்ரோர்ல இருந்து தேசியத் தலைநகர் பிராந்தியம் ஆரம்பம். அங்கே பெட்ரோல் வண்டிக்கு ஆயுசு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷம்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 2014 நவம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 15 வருஷம் தாண்டின வண்டி டில்லியில ஓடக் கூடாதுன்னு சொன்னது. 2015 ஏப்ரல்ல டீசலுக்கு 10 வருஷம்னு வந்தது. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணிச்சு. 2025 ஜூலை 1-ல இருந்து இந்த வயசான வண்டிகளுக்கு டில்லி பங்க்ல பெட்ரோலே ஊத்தக் கூடாதுன்னு கேமரா எல்லாம் மாட்டினாங்க. ஜனங்க கத்தின கத்தில ரெண்டு மூணு நாள்ல பின்வாங்கினாங்க. 2025 ஆகஸ்ட் 12 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் வெச்சு ஓனர்கள் மேல நடவடிக்கை எடுக்காதீங்கன்னு இடைக்கால உத்தரவு போட்டது. அப்புறம் 2025 டிசம்பர் 17 அன்னிக்கு அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-ம் அதுக்கு மேலயும் இருக்கற வண்டிக்கு மட்டும்தான்னு மாத்திச்சு.

என் ஜென் பி.எஸ்.2 காலத்துப் பொண்ணு. ஆக, ஆகஸ்ட்ல உயிர் வந்து டிசம்பர்ல மறுபடி போயிடுச்சு. சாவித்திரி சத்தியவான் கதை கூட இவ்வளவு சிக்கல் இல்லை.

இதைக் கேட்டதும் நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியும். "யோவ், டில்லியில குழந்தைங்க மூச்சு விட முடியாம தவிக்குது, உனக்கு ஓட்டை ஜென் முக்கியமா?" கரெக்ட். நியாயமான கேள்வி. இதே கேள்வியை என் வீட்டுலயே ஒருத்தி கேட்டா. அதனாலதான் இதை எழுதறேன்.

என் பொண்ணு 2025 ஜூலைல டில்லி காலேஜ்ல சேர்ந்தா. ஹாஸ்டல். சின்ன வயசுல வீசிங் இருந்தது, பத்து வயசுக்கு மேல காணாமப் போயிருந்தது. தீபாவளி முடிஞ்சு திரும்பிப் போன ரெண்டாம் வாரம் மறுபடி இன்ஹேலர். நவம்பர் ரெண்டாம் சனிக்கிழமை, பேங்க் லீவு. அப்போ ஆகஸ்ட் உத்தரவு அமல்ல இருந்தது, அதனால தைரியமா ஜென்னை எடுத்துக்கிட்டுப் போய் அவளை நாலு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்னு கிளம்பினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. குருகிராம் தாண்டும்போது வானம் சாம்பல் கலர். கண்ணு எரிஞ்சது.

ஹாஸ்டல் வாசல்ல வண்டியை ஆஃப் பண்ணாம நிறுத்தியிருந்தேன். அவ பின்பக்கம் வந்து டிக்கியில பையை வெச்சா. முன்னாடி வந்து உக்காந்தா. மூக்கைச் சுளிச்சா.

"அப்பா, உன் வண்டி நாறுது."

"டில்லி நாறுது கண்ணு."

"இல்லப்பா. அழுகின முட்டை மாதிரி. பின்னாடி நின்னா கண்ணு எரியுது."

நான் விடுவேனா? பி.யூ.சி. சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். "பாரு. கார்பன் மோனாக்சைடு 0.12. அனுமதி 0.5 வரைக்கும். வயசானா என்ன, வண்டி சுத்தம்."

அவ அதை வாங்கிப் பாத்துட்டுக் கேட்டா. "டெஸ்ட் எடுக்கறப்போ நீ பக்கத்துல இருந்தியா? குழாய்ல ஏதாவது விட்டாங்களா?"

நான் பதில் சொல்லல. ஏன்னா எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஒரு பெட்ரோல் பங்க் ஓரமா நின்ன வேன். ஒரு பையன் வந்து நம்பர் ப்ளேட்டை போட்டோ எடுத்தான். கம்ப்யூட்டர்ல தட்டினான். பேப்பர் வந்தது. காசு குடுத்தேன். சைலன்சர் பக்கம் ஒருத்தனும் போகல. நானும் கேக்கல. எனக்கு நேரம் மிச்சம், அவனுக்கு நேரம் மிச்சம்.

பேங்க்ல நான் இதைச் செஞ்சா என்ன பேரு தெரியுமா? கடன் கேக்கறவரோட கடையைப் போய்ப் பாக்காமலே "நேரில் ஆய்வு செய்யப்பட்டது, திருப்தி"ன்னு கையெழுத்துப் போடறது. அடுத்த ஆடிட்ல மெமோ வரும். அதையேதான் என் வண்டிக்கு ஒருத்தர் செஞ்சார், நான் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கல. பெஹ்ரோர் கிட்ட டீ குடிக்க நிறுத்தினப்போ அவ சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்கு. "வண்டிக்கு வயசாகலைன்னு நீ சொல்லிட்டே இருக்கே. என் நுரையீரலுக்குத்தான் வயசாகுது."

மறுநாள் ஞாயித்துக்கிழமை காலைல பானெட்டைத் திறந்தேன். ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டினேன். நாலும் அடுப்புக்கரி. காஞ்ச கருப்பு மசி, விரல்ல ஒட்டுது. நல்லா எரியற இஞ்சின்ல ப்ளக் முனை லேசான காபிக் கலர்ல இருக்கணும். கருப்பு மசின்னா பெட்ரோல் அதிகமாப் போகுது, முழுசா எரியலைன்னு அர்த்தம். அப்போதான் உறைச்சது. ஊருக்குள்ள 15 குடுத்துக்கிட்டிருந்த வண்டி ஆறேழு மாசமா 11 தான் குடுக்குது. டிராஃபிக் அதிகமாயிடுச்சுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

தெரியாதவங்களுக்கு: எம்.பி.எஃப்.ஐ. வண்டியில புகை வெளியே போற பாதையில ஆக்சிஜன் சென்சார்னு ஒண்ணு இருக்கும். புகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மோந்து பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை வெச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சூடான இஞ்சின்ல அந்த சென்சாரோட வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல ஓயாம ஆடிக்கிட்டே இருக்கணும். மல்டிமீட்டரை வெச்சேன். 0.1-லயே செத்த மீன் மாதிரி கெடக்குது. அதாவது சென்சார் போயாச்சு. "ஆக்சிஜன் நிறைய மிச்சம் இருக்கு, பெட்ரோல் பத்தல"ன்னு கம்ப்யூட்டருக்கு எப்பவும் பொய் சொல்லிக்கிட்டே இருக்கு. கம்ப்யூட்டர் பாவம், இன்னும் ஊத்து இன்னும் ஊத்துன்னு ஊத்திக்கிட்டிருக்கு. மிச்சப் பெட்ரோல் எல்லாம் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தலையில. அதுதான் அழுகின முட்டை நாத்தம்.

நம்ம உஸ்தாத் கிட்ட எடுத்துட்டுப் போனேன். அறுபது வயசு இருக்கும். ஸ்கேனர் எல்லாம் கிடையாது, காதும் மூக்கும்தான். மாத்தறதுக்கு முன்னாடி நிஜமாவே ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம்னு பிடிவாதம் பிடிச்சேன். "பி.யூ.சி. ஏற்கெனவே இருக்கே சாப், எதுக்கு?"ன்னு சிரிச்சார். குழாய்க்குள்ள கம்பி விட்டு டெஸ்ட் எடுக்கற இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆச்சு. ரிசல்ட்: கார்பன் மோனாக்சைடு 2.8 சதவீதம். என் வண்டிக்கு அனுமதி 0.5. ஹைட்ரோகார்பன் 940. அனுமதி 750.

0.12-ன்னு எழுதின பேப்பர் டேஷ்போர்டுல, 2.8 பின்னாடி குழாய்ல. செல்லுபடியாகற சர்டிபிகேட்டோட நான் டில்லி போய், என் பொண்ணோட ஹாஸ்டல் வாசல்ல நின்னு விஷத்தைக் கக்கிட்டு வந்திருக்கேன். வெக்கமா இருந்தது. இன்னும் இருக்கு.

சென்சார் துருப்பிடிச்சு மேனிஃபோல்டோட ஒட்டியிருந்தது. ரஸ்ட் ஸ்ப்ரே அடிச்சு, ராத்திரி பூரா ஊறவிட்டு, காலைல இஞ்சினைச் சூடு பண்ணி, பைப்பை நுழைச்சு நீட்டின 22-ம் நம்பர் ஸ்பானரால உஸ்தாதும் நானும் சேந்து கழட்டினோம். 21 வருஷம் அது உழைச்சதே பெரிசு. புது சென்சார், நாலு ப்ளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி க்ளீனிங். எல்லாம் சேந்து ஐயாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. கன்வர்ட்டர் பொழைச்சது என் அதிர்ஷ்டம். மறுபடி அதே இடத்துல அதே கம்பி. கார்பன் மோனாக்சைடு 0.18. ஹைட்ரோகார்பன் 110.

இப்போ சொல்லுங்க. நவம்பர் மாசத்து ஜென்னுக்கும் டிசம்பர் மாசத்து ஜென்னுக்கும் வயசுல வித்தியாசம் ஒரு மாசம். புகையில வித்தியாசம் பதினஞ்சு மடங்கு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத விதி, காத்தைச் சுத்தம் பண்ற விதியா? நாத்தம் அடிச்ச வண்டியை நவம்பர்ல உள்ளே விட்டுது. சுத்தமான வண்டியை டிசம்பர்ல வெளியே நிறுத்திச்சு. ரெண்டு தடவையும் அது பாத்தது ஆர்.சி.யில இருக்கற தேதியை மட்டும்தான். பர்த் சர்டிபிகேட்டை மோந்து பாத்தா புகை வாசனை வருமாய்யா?

கணக்குப் பாடத்துல தேய்மானம் படிச்சிருப்பீங்க. வருமான வரிக் கணக்குப்படி காருக்கு வருஷம் 15 சதவீதம், குறைஞ்சு வர மதிப்பு மேல. மூணே முக்கால் லட்சத்துக்கு வாங்கின வண்டின்னு வெச்சுக்குங்க. 20 வருஷம் கழிச்சும் பதினாலாயிரத்து ஐநூறு சொச்சம் நிக்கும். அந்த முறையில மதிப்பு ஒரு நாளும் பூஜ்யம் ஆகாது. வரித்துறையே பூஜ்யம் ஆக்காத வண்டியை பெஹ்ரோர் பூஜ்யம் ஆக்குது!

இன்னொண்ணு. நாங்க கடனை வாராக்கடன்னு எப்போ சொல்வோம்? தவணை 90 நாளுக்கு மேல நிலுவையில நின்னா. வாங்கினவருக்கு அறுபது வயசு ஆச்சு, கடை ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னு யாரையும் வாராக்கடன் ஆக்க மாட்டோம். நடத்தையைத்தான் பாக்கணும், ஜாதகத்தை இல்லை. ஒரு பேங்க்குக்குத் தெரிஞ்ச இந்தச் சின்ன விஷயம் காத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

வயசு வெச்சு அளந்தா இன்னொரு கூத்தும் நடக்கும். என் ஜென் வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடினா அதிகம். ராப்பகலா ஓடற ஒரு வாடகை வண்டி அதை ஒரே மாசத்துல தாண்டிடும். அது மூணு வருஷக் குழந்தை, சர்வீஸ் பாக்காம ஓடினாலும் குழந்தைதான். நான் பெருசு, ஷெட்டுல நின்னாலும் பெருசுதான். போற தூரத்தைக் கணக்குல எடுக்காம மாசைக் கணக்குப் போடறது, வட்டி விகிதத்தை மட்டும் பாத்துட்டு அசலைப் பாக்காத மாதிரி.

சட்டமே ரெண்டு நாக்குல பேசுது. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டி ஆர்.சி. 15 வருஷம் செல்லும், அப்புறம் தகுதி பாத்து அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். 2024-ல ஃபார்ம் 25 குடுத்து, வண்டியைக் கொண்டு போய்க் காட்டி, 5,000 ரூபாய் ஃபீஸ் கட்டி, 2029 வரைக்கும் நீட்டிச்சு வெச்சிருக்கேன். 2021-ல வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கை கூட, சொந்த வண்டி டெஸ்ட்ல ஃபெயில் ஆனாத்தான் கழிக்கணும்னு சொல்லுது. அதே 2021-ல, 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு தனியா பதிவு பண்ணவும் வழி பண்ணாங்க. தினசரி ஓட்டத்துக்கு இல்லை, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான், ஒத்துக்கறேன். ஆனா தத்துவத்தைப் பாருங்க. 21 வயசுன்னா குப்பை. 51 வயசுன்னா பாரம்பரியம். நடுவுல முப்பது வருஷம் வண்டி எங்கே தலைமறைவா இருக்கணும்?

எல்லாத்துக்கும் மேல எனக்கு எரிச்சல் குடுக்கறது ஒண்ணு. டில்லியில ஆயுசு முடிஞ்ச வண்டிக்கு தடையில்லாச் சான்று குடுத்து வெளியூருக்கு விக்கலாம். வித்துக்கிட்டேதான் இருந்தாங்க. டில்லிக் குழந்தைக்கு விஷம்னு துரத்தின வண்டி, வேற ஊர் ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கும்போது துளசித் தீர்த்தம் ஆயிடுமா? புகையைக் குறைக்கல, முகவரியை மாத்தினாங்க. எங்க பாஷையில இதுக்கு எவர்க்ரீனிங்னு பேரு. வராத கடனை அடைக்கப் புதுக் கடன் குடுத்து, எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டறது.

சரி, எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருக்கு. அதை மறைச்சா நானும் அந்த வேன் பையன் மாதிரிதான்.

ஒண்ணு, பழைய டீசல். அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஃபில்டர் இல்லாத டீசல் புகையில வர நுண்துகள் நெஞ்சுக்கூட்டுக்குள்ள போய் உக்காரும். ரெண்டு, பி.யூ.சி. டெஸ்ட் பெட்ரோல் வண்டியில கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் பாக்குது. நைட்ரஜன் ஆக்சைடைப் பாக்கறதில்லை. ஆக 0.18 வாங்கிட்டா நான் புனிதன் இல்லை. மூணு, என்னதான் துடைச்சு வெச்சாலும் என் பி.எஸ்.2 ஜென் ஒரு நல்ல பி.எஸ்.6 வண்டி அளவுக்குச் சுத்தம் ஆகாது. டிசம்பர் உத்தரவு வெறும் வயசை விட்டு, எந்தத் தரத்துல பொறந்த வண்டின்னு பாக்க ஆரம்பிச்சிருக்கு. வயசை விட அது ஒரு படி மேலதான். ஆனா அதுவும் பிறப்புதான். பிறப்பைப் பாக்காதே, நடத்தையைப் பாருன்னு மத்த விஷயத்துல எல்லாம் மேடை போட்டுப் பேசற ஊரு நாம.

காத்து ரொம்ப மோசமான நாள்ல பி.எஸ்.3 பெட்ரோல், பி.எஸ்.4 டீசல் எல்லாத்தையும் டில்லியில நிறுத்தறாங்களே, அதை நான் ஒத்துக்கறேன். வீடு பத்தி எரியும்போது யார் பத்த வெச்சதுன்னு விசாரிக்க முடியாது, எல்லாரும் வெளியே வரணும். ஆனா அது வியாதி முத்தின நாளுக்கான மருந்து. மிச்ச நாளுக்கு என்ன?

வெளிநாட்டுல என்ன பண்றாங்க? ஜப்பான்ல புது காருக்கு மூணு வருஷத்துல முதல் சோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. பிரிட்டன்ல மூணு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். லண்டன்ல தரம் பத்தாத பழைய வண்டியைத் தடுக்கறதில்லை, உள்ளே வர ஒவ்வொரு நாளுக்கும் பன்னண்டரை பவுண்ட் வாங்கறாங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்து ஊர் பூராவும் அதுதான். அழுக்குக்கு விலை போட்டா, எது தேவை எது தேவையில்லைன்னு ஓனரே முடிவு பண்ணிக்குவான். இங்கே விலையும் இல்லை, அளவும் இல்லை. தேதி மட்டும் இருக்கு. ஏன்னா தேதியைப் பாக்கறது சுலபம். கேமராவே பாத்துடும். புகையை அளக்கணும்னா யாராவது ஒருத்தர் குனியணும்.

அந்தக் குனியற வேலையை யாரும் செய்யலைங்கறதுதான் இந்த மொத்தக் கதையும். வயசு வரம்பு வந்ததே பி.யூ.சி. செத்ததாலதான்னு எனக்குத் தோணுது. ஒழுங்கா அளந்திருந்தா, பழசோ புதுசோ, கக்கற வண்டி தானா மாட்டியிருக்கும். அதைக் கொன்னதுல நமக்கும் பங்கு இருக்கு. பழைய வண்டிக்காரங்க சங்கம் மாதிரி நாம கூடிக் கூடி நீதி கேக்கறோம். நம்மள்ல எத்தனை பேர் குழாய்ல கம்பியை விடுப்பான்னு அந்த வேன்காரனைக் கேட்டிருக்கோம்? நான் கேக்கல. பொய்ச் சர்டிபிகேட் வாங்கினவனுக்கு வயசு வரம்பை எதிர்க்க வாய் இருக்கா?

அதனால என் கோரிக்கை சலுகை இல்லை. கடுமை. பழைய வண்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட்னு ஏற்கெனவே இருக்கு. அதை நிஜமா எடுங்க. கம்பி உள்ளே போறதை வீடியோ எடுத்து ஏத்துங்க. எந்தக் கடையில எல்லா வண்டியும் பாஸ் ஆகுதோ அந்தக் கடையை முதல்ல ஆடிட் பண்ணுங்க. நூத்துக்கு நூறு வசூல் காட்டற கிளையைத்தான் நாங்க முதல்ல சந்தேகப்படுவோம். ஃபீஸ் அதிகமாப் போடுங்க, தரேன். 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கினாங்க, அதுவும் சரி. நுழைவுக் கட்டணம் போடுங்க, தரேன். என் ஜென் ஃபெயில் ஆனா, சரி பண்ண ஒரு தடவை வாய்ப்பு. மறுபடியும் ஃபெயில் ஆனா நானே கொண்டு போய்க் கழிவுக்கு விட்டுடறேன். அழுவேன், ஆனா விட்டுடுவேன். ஆனா மூணு வருஷத்து வண்டியையும் அதே கம்பியால அளங்க.

புதுசா ஒரு கார் செய்ய இரும்பு உருக்கணும், அலுமினியம் உருக்கணும், பெயிண்ட் அடிக்கணும், லாரியில ஏத்தி ஊர் ஊராக் கொண்டு போகணும். அந்தப் புகையும் யாரோ ஒரு குழந்தையோட நெஞ்சுக்குத்தான் போகுது. நல்லா ஓடற வண்டியைத் தேதி பாத்து நசுக்கறதுக்கு முன்னாடி அதையும் ஒரு வரி எழுதிக் கூட்டிக்குங்க. இரட்டைப் பதிவு முறையில ஒரு பக்கம் மட்டும் எழுதினா டேலி ஆகாது.

அந்த டிசம்பர் உத்தரவுக்கு அப்புறம் நான் ஜென்னை டில்லிப் பக்கம் எடுத்துட்டுப் போகல. சட்டம் தப்புன்னு எழுதலாம், மீறக் கூடாது. ஜனவரியில பொண்ணு ட்ரெயின்ல வந்தா. ஜெய்ப்பூர் ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போயிருந்தேன். பையைக் குடுத்தா. ஆனா உள்ளே ஏறல.

"ஆஃப் பண்ணாதேப்பா, ஓடட்டும்."

பின்பக்கம் போய்க் குத்துக்கால் போட்டு உக்காந்தா. பையில இருந்து ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை எடுத்து சைலன்சர் முன்னாடி கொஞ்ச நேரம் பிடிச்சா. பாத்தா. மோந்து பாத்தா. ஆட்டோக்காரர் ஒருத்தர் எங்க ரெண்டு பேரையும் ஒரு மாதிரியாப் பாத்தார்.

எழுந்து வந்து டிஷ்யூவை என் கையில குடுத்தா. வெள்ளையாத்தான் இருந்தது.

"சரி, பாஸ்"னு சொல்லிட்டு முன் சீட்டுல உக்காந்தா.

இவ்வளவுதான் சார் நான் கேக்கறது. யாராவது குனிஞ்சு பாருங்க.

டிஸ்கி: டிஷ்யூ டெஸ்ட்டுல கார்பன் மோனாக்சைடு தெரியாது, அது கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காத விஷம். யாரும் இதை நம்பி ஷட்டர் மூடின கராஜுக்குள்ள இஞ்சினை ஓடவிட்டு சோதனை பண்ணிடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ப்ளக்கைக் கழட்டிக் கலரைப் பாருங்க. அடுத்த பி.யூ.சி. எடுக்கப் போகும்போது கம்பி குழாய்க்குள்ள போகுதான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டுக் காசு குடுங்க.